இடது பின் கதவு

அடிபட்ட கார்களைப் படம் எடுப்பதுதான் அவளுக்குச் சோறு போடும் வேலை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சர்வேயர். யாராவது காரைக் கொண்டுபோய் எதிலாவது முட்டினால், முதலில் வீட்டுக்குப் போன் போடுவார்கள், அடுத்து இவளுக்கு. வீட்டில் இருப்பவர்கள் திட்டுவார்கள். இவள் திட்டமாட்டாள், படம் எடுப்பாள். நான்கு மூலைகளிலிருந்தும் ஒவ்வொன்று, நம்பர் பிளேட் தெரிய ஒன்று, அடிபட்ட இடத்தில் எஃகு ஸ்கேலை வைத்துக் கிட்டத்தில் ஒன்று. பள்ளம் எவ்வளவு பெரிது என்று பிறகு யாரும் வாய்க்கு வந்தபடி அளக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஸ்கேல்.

இந்தத் தொழிலில் மீறக் கூடாத விதி ஒன்று உண்டு. படம் எடுப்பவர் படத்தில் விழக் கூடாது. பளபளவென்று இருக்கிற கார்க் கதவு, எதிரே நிற்பவரை அப்படியே பிடித்து உள்ளே போட்டுக்கொள்ளும். முகமோ நிழலோ விழுந்த படத்தை ஆபீசில் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்புவார்கள். அவள் படம் ஒன்றுகூட அப்படித் திரும்பி வந்தது கிடையாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சாய்ந்தும் குனிந்தும் ஒதுங்கியும் நின்றே பழகியவள். முதுகுவலி வந்தது, திரும்பி வந்த படம் என்று ஒன்று வரவில்லை.

இத்தனை கெட்டிக்காரிக்கு ஓர் ஆசை இருந்தது. பள்ளம் விழாத எதையாவது படம் எடுக்க வேண்டும். எடுத்த படத்தைப் பார்த்து யாராவது ஒருவர் ஒரு நொடி நிற்க வேண்டும்.

ஆசைக்கென்று தனியாக ஒரு கேமரா வாங்கினாள். அதற்கு அலமாரியில் ஒரு தட்டு, தட்டில் ஒரு மெத்தென்ற துணி, துணியைத் தொடுபவர்களுக்கு ஒரு முறைப்பு. எல்லாம் சரி, பழகிய கை கேட்டால்தானே! மகளின் பிறந்தநாளன்று கேக் வெட்டுகிற பிள்ளையை நான்கு மூலைகளிலிருந்தும் எடுத்தாள். புதுச் சைக்கிளை எடுத்தபோது சக்கரத்தில் ஸ்கேல் சாய்ந்திருந்தது. அதை அங்கே வைத்தது யார் என்று அவளே வீடு முழுக்க விசாரித்தாள். விடுமுறையில் கடற்கரைக்குப் போனபோது கணவரை முன்னால், பின்னால், வலப்பக்கம், இடப்பக்கம் என்று நிற்கவைத்து எடுத்ததில் அவர் பயந்தே போனார்.

"என்னை டோட்டல் லாஸ்னு எழுதிடாதே. இன்னும் கொஞ்ச நாள் ஓடுவேன்" என்றார். பழுதுபார்க்கவே லாயக்கில்லை என்று கைவிட்ட வண்டிகளுக்கு அவள் எழுதும் தீர்ப்பு அது.

கணவர் மருந்துக்கடை வைத்திருந்தார். சாதுவான மனிதர். உலகத்தில் எதற்கும் அவசரப்படாதவர், எல்லாவற்றையும் சாப்பாட்டுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பவர். அவரிடம் ஒரே ஒரு கோளாறு. கேமராவைக் கண்டால் மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே தள்ளிக்கொள்வார். கேமரா கீழே இறங்கும் வரை அந்த மூச்சு வெளியே வராது. கல்யாணப் படத்திலிருந்து இன்றுவரை, எந்தப் படத்தில் பார்த்தாலும் யாரோ அவருக்குக் கெட்ட செய்தி சொன்ன மாதிரியே இருப்பார். பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு அந்தத் தொந்தரவு இல்லை. அவளுடைய முகமே எந்தப் படத்திலும் இருக்காது, கைதான் இருக்கும்.

ஊரில் ஒரு புகைப்பட மன்றம் இருந்தது. அதன் தலைவர் ஒரு பல் டாக்டர். மாதம் ஒருமுறை அவருடைய ஆஸ்பத்திரி மாடியில் கூடி, கொண்டுவந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். டாக்டர் எந்தப் படத்தையும் விளக்கடியில் சாய்த்துப் பிடித்து, ஓரம் ஓரமாக உற்றுப் பார்த்து, "இங்க கொஞ்சம் வலிக்குது" என்பார். வருடா வருடம் நூலகத்தின் முன்கூடத்தில் மன்றம் நடத்தும் கண்காட்சியில் அவளுடைய படம் இதுவரை ஏறியதில்லை. அவளுக்குப் பிறகு சேர்ந்தவர்கள் படமெல்லாம் ஏறிவிட்டது. பூனையைத் தவிர வேறெதையும் எடுக்கத் தெரியாத ஒருவருடைய படம்கூட ஏறியது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

போன கூட்டத்தில் அவள் ஒரு மரத்தைக் கொண்டுபோனாள். நல்ல மரம். வேரடியில் ஸ்கேல் கிடந்தது வேறு விஷயம்.

டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தார். "எல்லாம் தெளிவா இருக்கும்மா. யாரு எடுத்தாங்கன்னுதான் தெரியல."

"அடியிலயே பேர் போட்டிருக்கேனே டாக்டர்!"

டாக்டர் சிரித்தார். எதற்குச் சிரித்தார் என்று அவளுக்குப் புரியவில்லை. இந்த வருடத் தலைப்பு 'என் வீடு' என்றும், மாதக் கடைசி ஞாயிறு சாயங்காலத்துக்குள் படம் வந்துவிட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தவள் சாப்பாட்டு மேசையில் பையை வீசினாள். "இந்தத் தடவையும் என் படம் சுவத்துல ஏறலேன்னா, அந்தக் கேமராவை யாருக்காவது தூக்கிக் குடுத்துடறேன். சத்தியமா!"

'ஐயோ, வேண்டாம்' என்று இரண்டு குரல் வரும் என்று எதிர்பார்த்தாள்.

"யாருக்குக் குடுப்பே?" என்று கேட்டார் கணவர், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆர்வத்தில்.

"அப்ப அந்தத் தட்டு எனக்கு" என்றாள் மகள்.

கோபத்தில் வந்த பேச்சுதான். ஆனால் சொல்லி முடித்ததும் அது நிஜமாகிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. நாற்பதைத் தாண்டிவிட்டாள். ஊரார் காரில் விழுந்த பள்ளங்களைப் பார்த்தே மிச்ச வாழ்க்கையும் போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு இருந்தது. கேமரா இருக்கும் வரை அந்தப் பயத்துக்கு ஒரு பதில் இருந்தது. இதுவும் போனால் பதிலும் போய்விடும். இதையெல்லாம் மேசையில் சொல்ல முடியாமல் சாப்பிட்ட தட்டைச் சத்தமாகக் கழுவினாள்.

என்ன எடுக்க வேண்டும் என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. சமையலறை ஜன்னல் கிழக்கே பார்த்தது. காலை வெயில் அது வழியாக வந்து மேசையில் விழும்போது டீக்கோப்பை, ரொட்டி, மகளின் கலைந்த தலை, கணவரின் நரைத்த காது முடி எல்லாமே சற்று அழகாகிவிடும். அதைத்தான் எடுக்க வேண்டும். இடைஞ்சல் ஒன்றே ஒன்று. ஜன்னலுக்கு வெளியே அவர்களுடைய கறுப்புக் கார் நின்றது. அதன் நிழல் பாதி மேசையைத் தின்றுவிடும்.

முதல் ஞாயிறு, இருக்கிற வெளிச்சம் போதும் என்று உட்கார வைத்தாள்.

"மூச்ச விடுங்க."

"விட்டா வயிறு வந்துடும்" என்றார் கணவர், உதட்டை அசைக்காமல்.

"வரட்டும்."

"வரட்டும்னு சொல்லுவே. அப்புறம் கொண்டுபோய் நூலகத்துல மாட்டுவே."

மகள் கையை முகத்திலிருந்து எடுக்கவில்லை. விரல் இடுக்கு வழியாகவே ரொட்டி தின்றாள். அன்று எடுத்த படங்களில் ஒரு கையும் ஒரு துக்கமும் இருந்தன.

அடுத்த ஞாயிறு மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண்ணுக்குக் காய்ச்சல் என்று கணவர் விடிந்ததும் கடை திறக்கப் போய்விட்டார். அதற்கடுத்த ஞாயிறு எல்லாரும் அகப்பட்டார்கள், வெயிலும் வந்தது. அந்த நேரம் பார்த்து ஆபீசிலிருந்து போன். யாரோ காரைக் கொண்டுபோய் விளக்குக் கம்பத்தில் மோதியிருக்கிறார். போனால், கம்பம் குறுக்கே வந்துவிட்டது என்று அந்த மனிதர் கண்ணைச் சிமிட்டாமல் சொன்னார். திரும்பி வந்தபோது வெயில் மேசையை விட்டுப் போய்விட்டிருந்தது. வந்த எரிச்சலை எல்லாம் ஜன்னலுக்கு வெளியே நின்ற வண்டி மேல் கொட்டினாள். "இந்தச் சனியன் மட்டும் இங்க நிக்கலேன்னா எப்பவோ எடுத்திருப்பேன்!"

கணவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதவர் கேட்கவில்லை என்று நினைப்பது, கல்யாணமாகி இத்தனை வருடமான பிறகும் அவள் செய்துகொண்டிருந்த தவறு.

கடைசி ஞாயிறும் வந்தது. அவள் முன்னதாகவே எழுந்து மேசையைத் துடைத்து, போன வாரத்து நாளிதழ், மாத்திரை அட்டை, மகளின் தலைக் கிளிப் எல்லாவற்றையும் ஒழித்து, டீயை ஊற்றி வைத்துவிட்டுக் கேமராவோடு காத்திருந்தாள். மகள் கொட்டாவி விட்டபடி வந்து உட்கார்ந்தாள். கணவரைக் காணோம். சட்டென்று மேசையின் மேல் இருந்த நிழல் நகர்ந்தது. வெயில் முழு மேசைக்கும் வந்தது. அவள் மனம் குளிர்ந்துபோனது.

வெளியே நறுக்கென்று ஒரு சத்தம்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கதவு. இடது. பின்பக்கம்" என்றாள்.

வெளியே போய்ப் பார்த்தால் அதேதான். வீட்டுக் கேட்டின் தூணில் காரின் இடது பின் கதவு உரசி நின்றது. கணவர் இறங்கி, பள்ளத்தைக் கையால் மூடி நின்றார்.

"தூண் குறுக்க வந்துடுச்சா?" என்று கேட்டாள்.

"உனக்கு வெளிச்சம் வரட்டும்னுதான்..." என்று இழுத்தார் அவர்.

அவளுக்குத் திட்டவும் வாய் வரவில்லை, சிரிக்கவும் வரவில்லை. உள்ளே வெயில் காத்திருந்தது. டீயில் ஆவி போய்க்கொண்டிருந்தது. புத்தியுள்ள எந்தப் பெண்ணும் பள்ளம் எங்கே ஓடிப்போகப் போகிறது என்று விட்டுவிட்டு உள்ளே ஓடியிருப்பாள். இவள் சர்வேயர். அடிபட்ட வண்டி எதிரே நின்றது, கேமரா கையில் இருந்தது. மற்றதெல்லாம் மறந்துவிட்டது.

வண்டியைத் தூணிலிருந்து விலக்கி நிறுத்தச் சொன்னாள். நான்கு மூலைகளையும் எடுத்தாள், நம்பர் பிளேட்டை எடுத்தாள். வீட்டுக்குள் போய் ஸ்கேலை எடுத்துவந்து கணவர் கையில் கொடுத்தாள். "பள்ளத்தோட ஓரத்துல பிடிங்க. ஆடாம." கதவில் வெயில் கூசியது. மகளைக் கூப்பிட்டுப் படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து மறைத்துப் பிடிக்கச் சொன்னாள். காரைத்தானே எடுக்கிறாள் என்று மகள் கையை முகத்துக்குக் கொண்டுபோகவில்லை. விரிப்பைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது வேறு.

"சம்பவம் எப்படி நடந்தது?" என்றாள், ஆபீஸ் குரலில். கேலிக்குக் கேட்டாளா, கோபத்தில் கேட்டாளா என்று அவளுக்கே தெரியாது.

குந்தி உட்கார்ந்து ஸ்கேலைப் பிடித்திருந்த கணவர் பணிவாகப் பதில் சொன்னார். "நான் ஒழுங்காதான் மேடம் போயிட்டிருந்தேன். தூண் ஹாரனே அடிக்கல."

மகள் வெடித்துச் சிரித்தாள். விரிப்பு ஆடியது. "ஆட்டாதடி!" என்று கத்தியபடியே அவள் எடுத்துக்கொண்டே போனாள்.

முடித்துவிட்டு உள்ளே வந்தபோது மேசையில் வெயில் இல்லை. டீயின் மேல் ஏடு படர்ந்திருந்தது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. மறைக்கவில்லை.

"அடுத்த ஞாயித்துக்கிழமை..." என்று ஆரம்பித்தார் கணவர்.

"இன்னிக்கு சாயங்காலத்தோட சரி. இனிமே ஒண்ணும் கிடையாது."

அவர் கையில் இன்னும் அந்த ஸ்கேல் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். மகள் அலமாரிப் பக்கம் போய் நின்றாள். "எனக்கு அந்தத் தட்டு வேணாம்மா" என்றாள்.

சொந்தக் காரைச் சொந்தமாக சர்வே செய்யக் கூடாது என்பது கம்பெனி சட்டம். மத்தியானம் அவள் படங்களைத் திறந்துகூடப் பார்க்காமல் ஆபீசில் பக்கத்து மேசையில் உட்காரும் சக சர்வேயருக்கு அனுப்பிவைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் போனில் வந்தார். சிரிப்பை அடக்க முடியாமல் திணறினார்.

"அக்கா, கடைசி படம் செல்லாது. திருப்பி அனுப்புறேன்."

"என்னோடதா? ஏன்?"

"குடும்பமே உள்ள இருக்கு. நீங்களே இருக்கீங்க! இத்தனை வருஷத்துல உங்க படத்துல நீங்க விழுந்து நான் பாத்ததே இல்லையே. ரொம்பக் கோவமா இருந்தீங்களா?"

அவளுக்கு அவமானமாகப் போய்விட்டது. போனை வைத்துவிட்டு கேமராவில் அந்தப் படத்தைத் தேடி எடுத்தாள். உண்மைதான். கறுப்புக் கதவு. வழவழப்பான இடத்தில் எல்லாம் தெருவும் வானமும் தெரிந்தன. நடுவில் பள்ளம். அந்தப் பள்ளம் மூன்று பேரையும் உள்ளே இழுத்து, தலையோடு தலை முட்டுகிற மாதிரி சேர்த்து வைத்திருந்தது. வயிற்றை மறந்துவிட்டுக் குந்தியிருந்தார் கணவர். மாட்டிக்கொண்ட பிள்ளையின் முகம் அவருக்கு. வாய் முழுக்கத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள் மகள், பல்லுக்குப் போட்ட கம்பி உட்படத் தெரிந்தது. அவர்களுக்கு நடுவில், கேமராவை நெஞ்சுக்கு இறக்கி, மகளைப் பார்த்து ஏதோ கத்திக்கொண்டு ஒருத்தி. அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கோபமாக இருந்ததாகத்தானே நினைத்தேன் என்று அவளுக்குத் திகைப்பாக இருந்தது. இந்த முகம் தனக்கு உண்டு என்று யாரும் சொன்னதில்லை. எடுத்தால் அல்லவா சொல்வார்கள்? வீட்டில் எல்லாப் படத்தையும் எடுத்தவள் அவள்.

ஆனாலும் பழக்க தோஷம் விடுமா? முகம் விழுந்த படம், தள்ளுபடி. கட்டைவிரல் தானாக அழிக்கும் பொத்தானுக்குப் போனது. பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மகள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, தொடாதே. இதுல நீ இருக்கே."

பிடி வலித்தது. கையை விடச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. டாக்டர் அன்று எதற்குச் சிரித்தார் என்று அப்போதுதான் உறைத்தது. வெயில் சாய்வதற்குள் படத்தை அனுப்பிவிட்டாள். டாக்டர் உடனே கூப்பிட்டார்.

"ஓரத்துல ஒரு ஸ்கேல் இருக்கேம்மா. வெட்டிடலாமா?"

"வேணாம் டாக்டர். வீட்டுக்காரர் பிடிச்சிட்டிருக்கார். அதை வெட்டினா அவர் கையும் போயிடும்."

டாக்டர் யோசித்தார். "அப்ப பிடுங்க வேணாம்" என்றார்.

நூலகத்தின் முன்கூடத்தில், பூனைக்குப் பக்கத்தில், அவள் படம் ஏறியது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே எடுத்தவர் ஒரு சின்ன அட்டையில் ஏதாவது எழுத வேண்டும். மற்றவர்கள் கவிதை மாதிரி எழுதியிருந்தார்கள். பூனைக்காரர் நிலவைக்கூட விட்டுவைக்கவில்லை. அவளுக்கு அதெல்லாம் வராது. தெரிந்த மாதிரி எழுதியிருந்தாள்.

'இடது பின் கதவு. பள்ளம் ஒன்று. பரிந்துரை: அப்படியே இருக்கட்டும்.'

படங்களைப் பார்த்துக்கொண்டே போனவர்கள் அங்கே வந்ததும் நின்றார்கள். சிலர் அட்டையைப் படித்துச் சிரித்துவிட்டு மறுபடி படத்தைப் பார்த்தார்கள். கணவர் அட்டையைக் கிட்டத்தில் போய்ப் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி படித்தார்.

"அப்ப வண்டிய ரிப்பேருக்கு விடப் போறதில்லையா?"

"எழுதியிருக்கில்ல."

"தூணையும் அப்படியே வெச்சுக்கலாமா?" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

டாக்டர் தன் கேமராவோடு வந்தார். "மூணு பேரும் படத்துக்குப் பக்கத்துல நில்லுங்க."

அவள் சட்டென்று அவர் கேமராவுக்குக் கையை நீட்டினாள். "குடுங்க, நான் எடுக்கறேன்."

"நீங்க உள்ள போங்கம்மா" என்றார் டாக்டர்.

போய் நின்றாள். மகளின் கை முகத்துக்கு ஏறி, பாதி வழியில் என்ன நினைத்ததோ, இறங்கி அம்மாவின் இடுப்பைச் சுற்றிக்கொண்டது. அவளுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. கையை எங்கே வைப்பது, எதைப் பார்ப்பது, முகத்தை என்ன செய்வது? சாய்ந்து ஒதுங்க இங்கே இடமில்லை. தோள் இறுகியது, தாடை இறுகியது. கல்யாணப் படத்தில் கணவர் நின்ற மாதிரியே கட்டையாக நின்றாள்.

கணவர் அவள் காதருகே குனிந்தார்.

"மூச்ச விடு" என்றார்.